நாய்க்கு ஆண்டுக்கு எவ்வளவு ஆகும்? ஜூன் மாதத்தைக் கேளுங்கள்

தக்கலையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருக்கிறார். கணவருக்கு மஸ்கட்டில் வேலை. வீட்டில் அவரும் மாமியாரும் எட்டாம் வகுப்புப் படிக்கும் மகனும். மகனுக்கு லாப்ரடார் நாய் வேண்டும். மாமியாருக்கு எலித் தொல்லை தீர ஒரு பூனை போதும். “நாய்க்கு வருடத்துக்கு எவ்வளவு, பூனைக்கு எவ்வளவு? மறைக்காமல் சொல்லுங்கள் அண்ணா” என்பது கேள்வி.

மறைக்காமலே சொல்கிறேன். கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். திருவட்டாறு, குலசேகரம், குளச்சல் என்று மலையோரத்திலும் கடலோரத்திலும் மாறி மாறி வேலை பார்த்தேன். எங்கள் வேலை பெரும்பாலும் மாட்டோடும் ஆட்டோடும்தான். ஆனாலும் மருந்தகத்து வாசலில் மாட்டுக்காரர்களுக்குப் பின்னால், சாக்கில் சுற்றிய நாயைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் எப்போதும் நின்றுகொண்டிருப்பார். இப்போது என் வீட்டில் ஒரு நாயும் இரண்டு பூனைகளும் இருக்கின்றன. அவற்றின் செலவை ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். என் மனைவியின் கண்ணில் படாமலிருக்க அந்த நோட்டு உர மூட்டைக்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். வளர்ந்த லாப்ரடாருக்கு ஆண்டுக்கு 39,000 ரூபாயை ஒட்டி வரும். நாட்டு நாய்க்கு 20,000. பூனைக்கு 12,000. முதல் ஆண்டில் இவற்றோடு இன்னும் பத்துப் பதினைந்தாயிரம் சேரும். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளில் நான் கொடுத்த விலைகளையும், பழகிய மருத்துவர்களிடம் கேட்ட கட்டணங்களையும் வைத்துப் போட்ட கணக்கு இது. உங்களுக்குக் கொஞ்சம் கூடலாம், கொஞ்சம் குறையலாம். ஆனால் 39,000-ஐப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் மூவாயிரத்துச் சொச்சம்தானே என்று நீங்கள் கணக்குப் போடுவீர்கள். அங்கேதான் இடிக்கும். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இந்தச் செலவு மாதாமாதம் ஒரே அளவில் வராது. ஜூனில் திரண்டு வரும். அதைப் பிறகு சொல்கிறேன், முதலில் சாப்பாடு.

லாப்ரடார் வளர்ந்து 28 கிலோ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டிலேயே சமைத்துப் போட்டால் ஒரு நாளைக்கு 250 கிராம் அரிசி, 250 கிராம் கோழி, ஒரு முட்டை, கொஞ்சம் பூசணிக்காயோ கேரட்டோ வேண்டும். கோழி என்றதும் பிரியாணிக்கு வாங்குகிற கோழி என்று நினைக்க வேண்டாம். கழுத்து, ஈரல், இரைப்பை என்று கேட்டால் கடைக்காரர் தனியாக எடுத்து வைப்பார். கிலோ 90 ரூபாய் அளவில் கிடைக்கும். கடை அரிசி, முட்டை, காய், எரிவாயு எல்லாம் சேர்த்து நாளைக்கு 48 ரூபாய், ஆண்டுக்கு 17,500. கழுத்தெலும்பை வேகவைத்த பிறகு கையால் பிரித்து எடுத்துவிட வேண்டும். வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இந்தச் சாப்பாட்டில் சுண்ணாம்புச் சத்து போதாது, அதனால் கால்சிய மருந்துக்கு ஆண்டுக்கு 1,500 ரூபாய் ஒதுக்குங்கள். உப்பு போட வேண்டாம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்த குழம்பை ஊற்றவே கூடாது. அவை நாய், பூனை இரண்டுக்கும் இரத்தச் சிவப்பணுக்களை அழிக்கும்.

பொட்டலத் தீவனம் என்றால் அதே நாய்க்கு நாளைக்கு 400 கிராம் வரை போகும். ஆண்டுக்கு 146 கிலோ. கிலோ 200 ரூபாய் விலையுள்ள நடுத்தர வகையில் 29,200 ரூபாய். கிலோ 650 ரூபாய்க்கு விற்கிற வெளிநாட்டு வகையைப் போட்டால் 95,000-ஐத் தொடும். அந்தப் பணத்துக்கு ஒரு கறவை மாடே வாங்கலாம் என்று என்னுள் இருக்கும் பழைய அரசு ஊழியன் முணுமுணுக்கிறான். வேலைக்குப் போகும் வீட்டில் பொட்டலம் வசதிதான், அதை மறுக்கவில்லை. உங்கள் வீட்டில் மாமியார் எப்படியும் அடுப்பைப் பற்ற வைப்பார். நாய்க்கு ஒரு கலயம் கூடுதலாக வைப்பது பெரிய வேலையல்ல.

பொட்டலத்தில் ஒரு பொறி இருக்கிறது. 20 கிலோ மூட்டை வாங்கினால் கிலோவுக்கு நாற்பது ஐம்பது ரூபாய் மிச்சம் என்று தோன்றும். லாப்ரடார் அதை ஒன்றரை மாதத்தில் முடித்துவிடும், சரி. சின்ன உடம்புள்ள பொமரேனியனுக்கு வாங்கினால் ஆறேழு மாதம் கிடக்கும். அந்த ஆறு மாதத்தில் நம் ஊரில் குறைந்தது ஒரு மழைக்காலம் வந்தே தீரும். தீவனம் நமத்துப்போய், கொழுப்பு காறி, பிரித்தால் பழைய தேங்காயெண்ணெய் வாடை அடிக்கும். ஓரத்தில் பூஞ்சை பிடித்திருக்கும். சிலர் அதை வெயிலில் காய வைத்துப் போடுகிறார்கள். பூஞ்சை நஞ்சு வெயிலில் போகாது. கல்லீரல் கெட்ட நாயை மீட்க ஆகிற செலவுக்கு முன்னால் மூட்டையில் மிச்சம் பிடித்த பணம் எந்த மூலைக்கு? மூன்று கிலோப் பையாக வாங்கி, மூடி இறுகும் டப்பாவில் வையுங்கள்.

மரச்சீனிக்கிழங்கைப் (மரவள்ளிக்கிழங்கு) பற்றியும் பலர் கேட்பார்கள். தோல் சீவி நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்த கிழங்கைக் கொஞ்சம் கொடுக்கலாம். பச்சையாகவோ தோலோடோ கூடாது. அதில் சயனைடு உண்டாகும். விளையில் மரச்சீனி இலையை மேய்ந்து வயிறு ஊதி விழுந்த ஆடுகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வெறும் கிழங்கும் சோறும் மட்டும் தின்று வளர்கிற நாய் கொழுகொழுவென்று இருக்கும், தசை இருக்காது.

இப்போது மருத்துவம். வளர்ந்த நாய்க்கு ஆண்டுக்கு ஒருமுறை இரண்டு ஊசிகள். நைன்-இன்-ஒன் என்று சொல்லும் கூட்டுத் தடுப்பூசி 800 ரூபாய், வெறிநோய்த் தடுப்பூசி 300, மருத்துவர் கட்டணம் 300, ஆக 1,400. கூட்டுத் தடுப்பூசி போடும்போது அதில் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். விலை குறைந்த சில ஊசிகளில் அது இருக்காது. எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில்தான் இந்தக் கிருமி இருக்கும். நம் ஊரில் மழை பெய்தால் வயலும் ஓடையும் முற்றமும் ஒரே தண்ணீர். நாய்க்கு வந்தால் சிறுநீரகமும் கல்லீரலும் போகும். நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் வரும். மாமியார் சொன்ன அந்த எலிகளை நினைத்துக்கொள்ளுங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசியை இலவசமாகவும் போடலாம். ஜூலை 6-ஐயும் செப்டம்பர் 28-ஐயும் ஒட்டி அரசு கால்நடை மருத்துவமனைகளில் முகாம் நடத்துவது வழக்கம். 1885 ஜூலை 6 அன்றுதான் லூயி பாஸ்டர் நாய் கடித்த ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகத் தன் தடுப்பு மருந்தைச் செலுத்தினார். செப்டம்பர் 28 அவர் இறந்த நாள். மகன் நாய்க்குட்டியோடு விளையாடும்போது பல்லோ நகமோ பட்டால், குட்டிதானே என்று விட்டுவிட வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ கூட்டிப் போங்கள். அங்கே தோலுக்குள் போடும் ஊசி இலவசம்; முதல் நாள், 3, 7, 28 ஆகிய நாட்களில் போட வேண்டும். ஒன்றையும் விடக்கூடாது.

குடற்புழு மாத்திரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பத்துக் கிலோவுக்கு ஒன்று வீதம். ஆண்டுக்கு 700 ரூபாய். இதில் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது உண்ணி. நம் மாவட்டத்தில் நாய் வளர்ப்பவரின் பணத்தை அதிகம் தின்கிற பிராணி நாயல்ல, உண்ணி என்று நான் அடிக்கடி சொல்வேன். வயிறு நிறைய இரத்தம் குடித்த பெண் உண்ணியைப் பார்த்திருக்கிறீர்களா? சாம்பல் நிறத்தில், பளபளவென்று, அசல் ஆமணக்கு விதை மாதிரி இருக்கும். காதுமடலுக்குள், கால்விரல் இடுக்கில், கழுத்துப்பட்டைக்குக் கீழே ஒட்டிக்கொண்டிருக்கும். குடித்து முடித்ததும் தானே கழன்று விழுந்து சுவர் விரிசலுக்குள் போய்ச் சில ஆயிரம் முட்டை இடும். அதனால்தான் நாயை மட்டும் குளிப்பாட்டினால் போவதில்லை. வெட்டுக்கல் சுவரும் பூசாத கூடும் அதற்குச் சொர்க்கம். மழை விட்டு, ஒருநாள் வெயில் அடித்து, மண்ணிலிருந்து புழுக்கம் எழும்பும்போது பாருங்கள்: குஞ்சு உண்ணிகள் எள் சிந்தியதைப் போலச் சுவரில் ஏறிக்கொண்டிருக்கும்.

கடி மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். அது காய்ச்சலையும் கொண்டுவருகிறது. நேற்றுவரை வாசலில் ஓடி வந்த நாய் இன்று சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். உதட்டை மேலே தூக்கிப் பார்த்தால் ஈறு வெளுத்திருக்கும். சிலவற்றுக்கு மூக்கில் இரத்தம் வரும். இரத்தப் பரிசோதனை, நான்கு வாரத்துக்கு மாத்திரை, இடையில் ஒன்றிரண்டு நாள் குளுக்கோஸ் என்று ஐயாயிரம் ரூபாய் எளிதாகப் போய்விடும். நாள் கடந்து கொண்டுபோனால் பணமும் போய் நாயும் போகும்.

இதைத் தடுக்க மாதம் ஒன்று கொடுக்கும் மெல்லும் மாத்திரை இருக்கிறது. 28 கிலோ நாய்க்கு 800 ரூபாய் வரை. மூன்று மாதம் வேலை செய்யும் மாத்திரையும் உண்டு. கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய அதே செலவுதான். ஆண்டு முழுக்கக் கொடுத்தால் 9,600. இந்த எண்ணைப் பார்த்ததும் எல்லோரும் முகம் சுளிப்பார்கள்; ஐம்பது ரூபாய்ப் பவுடர் போதாதா என்பார்கள். பவுடர் ஈரத்தில் ஓடிவிடும், மீதியை நாய் நக்கிவிடும். வலிப்பு வந்த நாயாக இருந்தால் மட்டும் இந்த மாத்திரைகளை மருத்துவரிடம் சொல்லிக் கேட்ட பிறகே கொடுக்க வேண்டும். கையால் பிடுங்குபவர்கள் நசுக்காமல் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். என் தாயார் சிரட்டையில் (கொட்டாங்கச்சியில்) மண்ணெண்ணெய் வைத்துக்கொண்டு மாலை முழுக்க இதே வேலையாக இருப்பார். பக்கத்து வீட்டு வம்பு ஒன்று பாக்கியில்லாமல் அப்போதுதான் பேசி முடிப்பார்கள்.

தோலுக்கும் காதுக்கும் 3,000 ஒதுக்குங்கள். லாப்ரடாரின் காது தொங்கு காது. மழைக்காலத்தில் உள்ளே காற்றுப் போகாமல் சீழ் பிடிக்கும். பட்டை, சங்கிலி, கிண்ணம், ஷாம்பு எல்லாம் 2,000. வாந்தி, பேதி, காலில் முள் என்று அவ்வப்போது போகிற மருத்துவச் செலவு 3,000. இதில் ஆட்டோக்கூலியும் அடக்கம். நாயை ஏற்ற எல்லா ஆட்டோக்காரரும் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிப்பவர் கேட்கிற கூலிக்குப் பேரம் கிடையாது. கூட்டிப் பாருங்கள், 38,700 வரும்.

இனி ஜூன். தென்மேற்குப் பருவமழை அந்த மாதத் தொடக்கத்தில்தான் இறங்கும். பள்ளிக்கூடம் திறப்பதும் அப்போதே. கட்டணம், சீருடை, நோட்டு. மலையோரத்தில் மழைமறைப்பு போடாத ரப்பர் மரங்களில் பால் வெட்டு நின்றுவிடும், கையில் காசு வராது. கடலோரத்தில் மேற்குப் பகுதி விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. கிழக்குப் பக்கம், சின்னமுட்டத்தில், ஏப்ரல் 15-இல் தொடங்கிய தடை ஜூன் 14 வரை நீளும். ஆக ஜூன் முதல் பாதியில் நம் மாவட்டத்து விசைப்படகு ஒன்றும் கடலில் இருக்காது. வள்ளக்காரர்கள் கொண்டுவரும் மீனுக்குச் சந்தையில் தங்கத்தின் விலை. நாய்க்குக் காது சீழ் பிடிப்பதும், தோல் ஊறுவதும், தீவனம் பூஞ்சை பிடிப்பதும் இதே மாதத்தில்தான். வேறு எந்த மாவட்டத்திலும் வருமானம் சுருங்குகிற மாதமும் பிராணிச் செலவு பெருகுகிற மாதமும் இப்படிக் கைகோத்து வருமா என்பது எனக்குச் சந்தேகம்.

எங்கள் மருந்தகத்தில் ஜூன், ஜூலையில் வரும் நாய்கள் எல்லாமே முற்றிய நிலையில்தான் வரும். “போன மாதமே வந்திருக்கலாமே” என்று கேட்டால் ஆள் தலையைக் குனிந்துகொள்வார். பிறகுதான் கேட்பதையே விட்டேன். நான் செய்வது இது: தடுப்பூசியை மே மாதத்திலேயே போட்டு முடித்துவிடுவேன். உண்ணி மாத்திரையும் மேயில் தொடங்கும். ஜனவரியிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாயை ஒரு உறையில் போட்டு வைப்பேன்; பள்ளி திறப்பதற்குள் ஐந்தாயிரம் சேர்ந்துவிடும். மஸ்கட்டிலிருந்து மாதம் தவறாமல் பணம் வருகிற வீட்டுக்கு இந்த நெருக்கடி அவ்வளவாக உறைக்காது. ஆனாலும் உறை நல்லது, தங்கச்சி. ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை இருக்கிறது.

லாப்ரடார் வாழ்வது பத்துப் பன்னிரண்டு ஆண்டு. பதினொன்றால் பெருக்கினால் இன்றைய விலையிலேயே நாலேகால் லட்சம். குட்டியின் விலை எட்டாயிரமா பதினைந்தாயிரமா என்று தரகரிடம் மல்லுக்கட்டுபவர்கள் இந்தப் பெருக்கலைப் போடுவதே இல்லை. குட்டி வாங்கும்போது பேரத்தைவிடத் தடுப்பூசி அட்டையைப் பாருங்கள். 45 நாளில் ஒரு ஊசியாவது போட்டிருக்க வேண்டும். பிறகு மூன்று, நான்கு வார இடைவெளியில் மீதியும், மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசியும். முதல் ஆண்டு ஊசிக்கு மட்டும் 4,000 ஆகும். அட்டை இல்லாத குட்டிக்குப் பார்வோ என்ற வைரஸ் நோய் வந்து இரத்தமாகப் பேதி போனால் ஐந்தாறு நாள் குளுக்கோஸ் ஏற்ற ஏழாயிரம், எட்டாயிரம் ஆகும். பிழைக்கும் என்று யாரும் கைநீட்டிச் சொல்ல முடியாது. பனிநாட்டு நாயான ஹஸ்கி வேண்டும் என்று பையன் சொன்னால், ஏசிக்கு ஆகும் மின்கட்டணத்தைக் காட்டுங்கள்.

பெண் குட்டியாக வாங்கினால் கருத்தடை அறுவைக்கு எட்டாயிரம் ரூபாயை முதல் ஆண்டுக் கணக்கிலேயே எழுதிவிடுங்கள். இதை நான் வாயால் சொல்வதைவிட ராணி வழியாகச் சொல்கிறேன். ராணி என் வீட்டு நாய், நாட்டு ரகம், 15 கிலோ. துறையில் இருந்தவன், ஊருக்கெல்லாம் சொன்னவன், என் நாய்க்கு மட்டும் “அடுத்த மாதம், அடுத்த மாதம்” என்று எட்டு வயது வரை தள்ளிப்போட்டேன். ஒரு ஆவணியில் அது தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யத் தொடங்கியது. காலையில் நிரப்பினால் பத்து மணிக்குத் தொட்டியின் அடி தெரியும். புழுக்கத்துக்குக் குடிக்கிறது என்று நினைத்தேன். மூன்றாம் நாள் என் மனைவி, “அது படுத்த இடத்தில் ஒரு மாதிரி நாற்றம், என்னவென்று பாருங்கள்” என்றாள். வாலைத் தூக்கிப் பார்த்தேன். மயிரில் பழுப்பு நிறத்தில் சீழ். பருவத்துக்கு வந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. கருப்பையில் சீழ் கோப்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் கிடையாது. அடுத்தவர் நாயாக இருந்தால் முதல் நாள் தண்ணீர்த் தொட்டியிலேயே கண்டுபிடித்திருப்பேன்.

அன்று இரவே அறுவை. வெளியே எடுத்த கருப்பை, நிரப்பிய மாட்டுக்குடல் மாதிரி ஒரு தட்டை அடைத்துக்கொண்டு கிடந்தது. ஸ்கேன், அறுவை, ஊசிகள், ஒரு வாரம் போய்வந்த செலவு எல்லாம் சேர்த்து 18,000. நோட்டில் அந்தப் பக்கத்தில் நான் தொகையை மட்டும் எழுதினேன், காரணத்தை எழுதவில்லை. ராணி இன்னும் இருக்கிறது. இதை எழுதும்போது காலடியில்தான் படுத்திருக்கிறது.

பெரிய அறுவை என்றால் வழி இரண்டு. வடக்கே திருநெல்வேலி இராமையன்பட்டியில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்டணம் குறைவு, ஆனால் நாகர்கோவிலிலிருந்து எண்பது கிலோமீட்டர் வண்டி வைத்துப் போக வேண்டும். மேற்கே திருவனந்தபுரம். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்தார் அங்கேதான் போவார்கள். தக்கலைக்கு அதுவே பக்கம். சாதாரண நோய்க்கு ஊர் அரசு மருந்தகமே போதும். பார்ப்பதற்குப் பணம் பெரிதாக ஆகாது. மருந்து சிலவற்றை வெளியே எழுதித் தருவார்கள், அதற்குக் கோபப்படாதீர்கள். அங்கே இருப்பு வைப்பது முதலில் மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான்.

நாட்டு நாய்க்குச் செலவு ஏன் பாதி என்று கேட்பீர்கள். உடம்பு சிறிது, நாளைக்கு முப்பது ரூபாய்ச் சாப்பாடு, ஆண்டுக்கு 11,000. ஊசிக்கு அதே 1,400. குடற்புழுவுக்கு 500. உண்ணி மாத்திரையை மே முதல் நவம்பர் வரை ஏழு மாதம் கொடுக்கிறேன். எடை குறைவு என்பதால் 5,000-க்குள் முடிகிறது. மீதி மாதங்களில் கையால் பிடுங்கிச் சிரட்டையில் போடுவதுதான். இதர வகையில் 2,000. காது நிமிர்ந்து நிற்பதால் சீழ் இல்லை, முடி குட்டை என்பதால் தோல் சட்டென்று உலரும். மகனிடம் தெருக்குட்டி ஒன்றைக் காட்டிப் பாருங்கள். சம்மதிக்கமாட்டான், தெரியும். இருந்தாலும் காட்டுங்கள்.

பூனைக்கு வருகிறேன், எங்கள் பக்கத்துக் கிழவிகள் இன்னும் பூச்சை என்றே சொல்வார்கள். நான்கு கிலோப் பூனைக்கு நாளைக்கு 125 கிராம் மீன் போதும். சாளை (மத்தி மீன்) சராசரியாகக் கிலோ 150 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 7,000-ஐ ஒட்டி வரும். சாளை மலிகிற நாளில் அறுபது எழுபதுக்கும் கிடைக்கும், தடைக்காலத்தில் முந்நூறையும் தாண்டும். மீனை வேகவைத்தே கொடுக்க வேண்டும். சில மீன்களில் பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. வெந்தால்தான் அது அடங்கும். தினமும் சாளை மட்டுமே கொடுத்தாலும் கெடுதல்தான். அத்தனை மீனெண்ணெய்க்கு ஈடாக உடம்பில் வைட்டமின் ஈ இல்லாமல் போய், தோலுக்கடியில் கொழுப்பு இறுகி வலிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கோழி ஈரலோ முட்டையோ மாற்றிக் கொடுங்கள். கருவாடு வேண்டாம், உப்பு. பாலும் சோறும் போட்டு வளர்ப்பது நம் பழக்கம். வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, சோற்றில் அதற்கு வேண்டிய டாரின் சத்து கிடையாது. அது இறைச்சியிலும் மீனிலும்தான் இருக்கிறது. அது இல்லாமல் போனால் கண்ணும் இதயமும் கெடும்.

ஊசிக்கு 1,400, புழுமாத்திரைக்கு 200, தெள்ளுப் பூச்சி மருந்துக்கு 2,000, இதர செலவுக்கு 1,500. எலி பிடிக்கிற பூனைக்கு நாடாப்புழு சீக்கிரம் வரும், மாத்திரையைத் தவற விடாதீர்கள். பூனை வந்த பிறகு வீட்டில் எலி மருந்து வைக்கக்கூடாது. மருந்து தின்ற எலியைத் தின்று பூனை சாகும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தைப் பூனைக்குத் தடவவும் கூடாது. பெர்மெத்ரின் கலந்த மருந்து நாய்க்குச் சாதாரணம், பூனைக்கு எமன். காய்ச்சலுக்கு நாம் போடும் பாரசிட்டமாலில் ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லப் போதும்.

வெளியே விடாமல் வளர்த்தால் கழிவுத் தட்டுக்குக் கடை மண் மாதம் 600 ரூபாய் தின்னும். நான் வாங்குவதில்லை. மர அறுவை மில்லில் ரப்பர் மரத்தூள் சாக்குக் கணக்கில் கிடைக்கும்; தூசு சலித்து, வெயிலில் காய வைத்துப் போட்டால் போதும். ஆண் பூனையோ பெண் பூனையோ கருத்தடைக்கு 3,000 முதல் 6,000 வரை ஆகும். செய்யாவிட்டால் இரண்டாம் ஆண்டில் நீங்கள் கணக்கெழுத வேண்டியது ஒரு பூனைக்கல்ல, ஏழு பூனைக்கு.

பிராணிக் காப்பீடு பற்றிச் சிலர் கேட்கிறார்கள். நான் எடுக்கவில்லை, உண்ணிக்கும் ஊசிக்கும் அது உதவாது. ரயிலில் கூட்டிப் போக வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் ஒரு முழு அறையையே எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் நாய்க்கூண்டு. சென்னைப் பயணத்துக்கு இரண்டும் எனக்குச் சரிப்படவில்லை.

ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் அடங்காது. குலசேகரம் பக்கம் ஒரு பால்வெட்டுத் தொழிலாளி. விடிவதற்கு முன் தலைவிளக்கோடு தோட்டத்துக்குப் போவார், நாய் நாலடி முன்னால் போகும். ஒருநாள் சருகுக்குள் விரியன் கிடந்தது. நாய் முகர்ந்த இடத்திலேயே மூக்கில் கடி. எங்களிடம் தூக்கி வந்தபோது முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. நஞ்சுமுறிவு மருந்து ஒரு குப்பி 800 ரூபாய் வரை. நான்கு குப்பி தேவைப்பட்டது. மற்ற மருந்துகளோடு ஐயாயிரத்துக்கு மேல். அவர் அந்த வாரம் அடித்த ரப்பர் ஷீட்டையெல்லாம் விற்றுக் கட்டினார். விலை அதிகமில்லையா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: “அது முன்னால் போகாவிட்டால் என் கால்தானே அங்கே இருந்திருக்கும்.”

கடைசியாக, தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். பள்ளி விடுமுறைக்கு நீங்களும் மகனும் மஸ்கட்டுக்குப் போவீர்களா? போனால் ஒன்றரை மாதம் நாயை யார் பார்ப்பது? காப்பகத்தில் விட்டால் நாளைக்கு 500 வீதம் 22,500 ரூபாய், அதாவது ஆண்டுச் செலவில் பாதிக்கு மேல். வீட்டிலேயே விட்டால் மாமியார் பார்ப்பார். 28 கிலோ லாப்ரடார் வாசலில் ஆளைக் கண்டதும் சங்கிலியை இழுக்கும் இழுப்பு சாதாரணமானதல்ல. அந்தச் சங்கிலியின் மறுமுனையில் அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு கை இருக்கும். நாள் முழுக்கக் குட்டைச் சங்கிலியில் கட்டிப்போடுவதும் 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அவருக்கு மூட்டுவலி உண்டா, இரவில் மழையில் கதவைத் திறந்து அதை வெளியே விட அவருக்கு மனமுண்டா என்று முதலில் கேளுங்கள். மகனிடம் அல்ல, அவரிடம். பதில் வந்ததும் எழுதுங்கள். குட்டி பார்க்கப் போகும் நாளில் நானும் வருகிறேன். தடுப்பூசி அட்டையையும் குட்டியின் ஈறுகளின் நிறத்தையும் நான் பார்த்துச் சொல்கிறேன்.